எரித்த தாயும் தோண்டிய தகப்பனும்

போங் ஜூன்-ஹோ இயக்கிய 'மதர்' 2009ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் பிரதான போட்டியில் இடம்பெறவில்லை. துணைப் பிரிவு ஒன்றில் திரையிடப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து அதே விழாவில் அவருடைய 'பாரசைட்' தங்கப் பனை விருதைப் பெற்றது. 2020இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது. அதன்பிறகு தமிழிலும் அவர் பெயர் அடிக்கடி அடிபட்டது. 'பாரசைட்' கதை 'மின்சார கண்ணா'வைப் போல இருக்கிறது என்ற வாதம் தமிழ்நாட்டில் எழுந்ததும் அந்த நாட்களில்தான். துப்பறியும் கதைகளில் விருப்பமுள்ளவர்கள் பின்னோக்கிப் போய் 2003இல் வந்த 'மெமரீஸ் ஒஃப் மேடர்' படத்தையும் தேடிப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் வந்த 'மதர்' பெரும்பாலும் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் கடந்து போகிறது. அவருடைய படங்களில் மிக ஆழமானது அதுதான் என்பது என் எண்ணம். அதிலும் இலங்கையில் இருந்து, காணாமற்போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் வீதியோரம் அமர்ந்திருக்கும் ஒரு நாட்டில் இருந்து பார்க்கும்போது, அந்தப் படம் கொரியாவில் கேட்டதைவிடக் கடுமையான ஒரு கேள்வியை நம்மிடம் கேட்கிறது.

கதையின் முடிச்சை அவிழ்க்காமல் அந்தக் கேள்விக்கு வர முடியாது. ஆகவே படத்தைப் பார்த்துவிட்டுப் படிக்க விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு சிறு நகரம். மூலிகைக் கடையில் வேலை செய்யும் வயதான தாய். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஊர்ப் பெண்களுக்கு அக்குபங்சர் ஊசி குத்தியும் நாலு காசு சம்பாதிக்கிறாள். படத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. எல்லோருக்கும் அவள் அம்மாதான். மகன் தோ-ஜூன் வாலிபன். அறிவு வளர்ச்சி குன்றியவன், நடந்ததை மறந்துவிடுகிறவன். படத்தின் தொடக்கத்திலேயே அவள் கடைக்குள் இருந்து பெரிய கத்தியால் மூலிகைத் தண்டுகளை நறுக்குகிறாள். கண் கத்தியில் இல்லை; தெருவுக்கு அப்பால் நாயோடு விளையாடும் மகன்மேல் இருக்கிறது. ஒரு கார் வந்து அவனை இடித்துவிட்டுப் போகிறது. ஓடிப்போய் அவனைத் தூக்குகிறாள். இரத்தம் என்று பதறுகிறாள். அது அவள் விரலில் இருந்து வழியும் இரத்தம். கத்தி தன்னை வெட்டியது அவளுக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் இன்னொரு காட்சி. சுவரோரம் நின்று சிறுநீர் கழிக்கும் மகனின் வாயில் அவள் கஷாயத்தை ஊற்றுகிறாள். அவன் பஸ்ஸில் ஏறிப் போனதும், நிலத்தில் ஓடிய சிறுநீரைக் காலால் தேய்த்து, பக்கத்தில் கிடந்த பலகையை இழுத்து மூடுகிறாள். பிள்ளையின் அழுக்கை மூடுவது அவளுக்கு மூச்சு விடுவதுபோல் இயல்பு என்று அப்போதே சொல்லியாகிவிட்டது. நமக்குத்தான் அது கடைசியில் விளங்குகிறது.

ஒரு பள்ளி மாணவி கொல்லப்படுகிறாள். அவள் உடல் ஒரு வீட்டு மொட்டைமாடியில், ஊர் முழுவதும் பார்க்கும்படி கிடக்கிறது. அருகில் தோ-ஜூன் தன் பெயரை எழுதி வைத்திருந்த கோல்ஃப் பந்து கிடைக்கிறது. பொலிஸார் அவனிடம் கையொப்பம் வாங்கிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். காசு கொடுத்துப் பிடித்த வழக்கறிஞர், நான்கு வருட மனநல மருத்துவமனைக் காவலோடு முடித்துத் தருகிறேன் என்று மது மேசையில் பேரம் பேசுகிறார். வேறு வழியில்லாத தாய் தானே துப்பறியக் கிளம்புகிறாள். மகனின் நண்பனைச் சந்தேகிக்கிறாள்; அவன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறாள்; கொல்லப்பட்ட பெண்ணின் கைத்தொலைபேசியைத் தேடி அலைகிறாள். பார்க்கும் நாம் முழுக்க அவள் பக்கம் நிற்கிறோம். எளியவளின் அன்பு, சோம்பேறிப் பொலிஸை வெல்லப்போகிறது என்று காத்திருக்கிறோம்.

கடைசியில் பழைய இரும்பு பொறுக்கும் ஒரு முதியவரிடம் போய்ச் சேர்கிறாள். அன்றிரவு அவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார். கொன்றது தோ-ஜூன்தான். கேலி பேசிய பெண்மேல் எறிந்த கல் அவள் உயிரைப் போக்கிவிட்டது. யாராவது அடித்தால் திருப்பி அடி என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தவள் தாய்தான். உண்மையைத் தேடி வந்த தாய், உண்மையைச் சொன்ன மனிதரை அடித்துக் கொல்கிறாள். அவருடைய குடிலுக்குத் தீ வைக்கிறாள்.

அதற்குப் பிறகு வரும் ஒரு காட்சிக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பொலிஸார் வேறொருவனைப் பிடித்துவிட்டார்கள், தோ-ஜூன் விடுதலை. பிடிபட்டவன் ஜோங்-பால், அவனும் அறிவு வளர்ச்சி குன்றியவன், கதியற்றவன். அவனைப் பார்க்கச் சிறைக்குப் போகிறாள் தாய். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவன் ஒன்றும் விளங்காமல் அமர்ந்திருக்கிறான். உனக்குப் பெற்றோர் இருக்கிறார்களா, அம்மா இல்லையா என்று கேட்கிறாள். இல்லை என்று தெரிந்ததும் அழுகிறாள். உடைந்து அழுகிறாள். ஆனால் உண்மையைச் சொல்வதில்லை. எழுந்து போய்விடுகிறாள்.

கிம் ஹே-ஜா என்ற நடிகை அந்த அழுகையை அழுத விதம் உலக சினிமாவில் ஒரு தனி இடத்தில் வைக்கத்தக்கது. 1980 முதல் 2002 வரை தென்கொரியத் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு கிராமத்துத் தொடரில் தாயாக நடித்து, நாட்டுக்கே தாய் என்று பெயர் வாங்கியவர் அவர். போங் அவரை மனத்தில் வைத்தே இந்தக் கதையை உருவாக்கினார். நாட்டின் தாய் என்று எல்லோரும் கொண்டாடிய முகத்தைக் கொண்டே அந்தத் தாய்மையின் இருண்ட பக்கத்தைக் காட்ட நினைத்தது துணிவு. அதற்கு அந்த நடிகை உடன்பட்டது அதைவிடப் பெரிய துணிவு. ஆசியத் திரைப்பட விருதுகளில் அவருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர் சங்கமும் 2010இல் அவரைத் தெரிவு செய்தது.

அந்த அழுகையின் பொருளைப் பலர் குற்ற உணர்ச்சி என்று எழுதியிருக்கிறார்கள். அது மட்டும் போதாது. படத்தில் வரும் மூன்று பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொல்லப்பட்ட அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் இல்லை. நினைவு தவறிப்போன, மதுவுக்கு அடிமையான ஒரு பாட்டி மட்டும். வீட்டில் அரிசி வேண்டும் என்பதற்காக ஊர் ஆண்களுக்குத் தன் உடலைக் கொடுத்த பிள்ளை அவள். அவளுக்காக அலைய யாரும் இல்லாததால் அவள் மரணத்தின் உண்மை எவருக்கும் தேவைப்படவில்லை. ஜோங்-பாலுக்குத் தாய் இல்லை; அதனால் செய்யாத குற்றத்துக்கு அவன் உள்ளே போகிறான். தோ-ஜூனுக்குத் தாய் இருக்கிறாள். அதனால் செய்த குற்றத்திலிருந்தும் வெளியே வருகிறான். அந்த ஊரில் நீதியைத் தீர்மானித்தது சாட்சியமும் சட்டமும் அல்ல. யாருக்குத் தாய் இருந்தாள் என்பதுதான். சிறையில் அவள் கேட்டது அனுதாபக் கேள்விபோல் ஒலிக்கிறது. உண்மையில் தீர்ப்பே அதுதான்.

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி கொரியாவிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. ஹ்வாசோங் பகுதியில் 1986 தொடக்கம் பெண்கள் தொடர்ச்சியாகக் கொல்லப்பட்டார்கள். 'மெமரீஸ் ஒஃப் மேடர்' அந்த வழக்கைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் எட்டாவது கொலைக்காக 1989இல் ஓர் இளம் தொழிலாளி கைது செய்யப்பட்டார். சிறு வயதில் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். இயந்திரங்கள் திருத்தும் ஏழை. ஒப்புதல் வாக்குமூலம் வாங்கி ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டு நிபந்தனைப் பிணையில் அவர் வெளியே வந்தது 2009இல், 'மதர்' திரைக்கு வந்த அதே ஆண்டில். 2019இல் மரபணுச் சோதனை உண்மையான கொலையாளியைக் காட்டிக்கொடுத்தது. அவன் எட்டாவது கொலையையும் ஒப்புக்கொண்டான். 2020 டிசம்பரில் மறுவிசாரணை நீதிமன்றம் அந்தத் தொழிலாளியை நிரபராதி என்று தீர்ப்பளித்தது. போங் 'மதர்' எடுத்தபோது இந்த முடிவு யாருக்கும் தெரியாது. ஜோங்-பால் என்ற பாத்திரம் உண்மையாகவே சிறையில் இருந்துகொண்டிருந்தது.

நம் பக்கத்துப் படங்களுக்கு வருவோம். பிள்ளைக்காகக் குற்றத்தை மறைக்கும் பெற்றோர் என்றதும் நமக்கு நினைவில் எழுவது 'திரிஷ்யம்'. 2013இல் ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்த அந்தப் படம் கன்னடம், தெலுங்கு, 2015இல் தமிழில் 'பாபநாசம்', பிறகு இந்தி என்று பரவியது. 2017இல் தமிழ்நாட்டு இயக்குநர் செய்யாறு ரவி அதைச் சிங்களத்தில் 'தர்மயுத்தய' என்று எடுத்தார். ஜாக்சன் அந்தனி தகப்பனாக நடித்த அந்தப் படம் இலங்கையில் நன்றாக ஓடியது. 2019இல் சீனத்திலும் வந்தது. கொரியாவிலும் எடுக்கப்போவதாக 2023இல் அறிவித்தார்கள். தமிழ், சிங்களம் என்று எல்லைபோட்டுக் கொள்ளாத அபூர்வமான சில கதைகளில் இது ஒன்று. அது நல்ல படம். திரைக்கதையின் கட்டுமானம் பாடமாக வைக்கத் தகுந்தது. ஆனாலும் அது பார்வையாளரை நோகடிப்பதில்லை. இறந்தவன் கெட்டவன், தகப்பன் நல்லவன், பொலிஸ் கொடுமைக்காரர். இறந்தவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள், அவளே உயர் பொலிஸ் அதிகாரி என்பது கதையின் மிகக் கூர்மையான இடம். அதையும் கடைசியில் இரு தரப்பும் சந்தித்து மன்னிப்புக் கேட்கும் காட்சியால் ஆற்றிவிடுகிறார்கள். சீனப் படத்தில் தகப்பன் சரணடைந்துவிடுகிறான். அங்கே குற்றம் தண்டனையோடு முடிந்தாக வேண்டும். 'மதர்' இந்த இரண்டு வழிகளையும் மறுக்கிறது. அது மன்னிப்பும் தருவதில்லை, தண்டனையும் தருவதில்லை. எரிந்த குடிலில் இருந்து மகன் பொறுக்கி எடுத்துவந்த ஊசிப்பெட்டியைத் தாயின் கையில் கொடுக்கும்போது, அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதைக்கூட அது நமக்குச் சொல்வதில்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போன ஒரு பெற்றோரை இலங்கைப் படம் ஒன்று காட்டியிருக்கிறது. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' 1997இல் எடுக்கப்பட்டது. முழு நிலா நாளில் இருட்டு என்பது அதன் பொருள். ஜப்பானின் என்எச்கே நிறுவனம் துணை நின்ற படம். அதைத் துப்பறியும் படம் என்று யாரும் வகைப்படுத்தியதில்லை. எனக்கு அது நம் நாட்டின் மிகச் சிறந்த மர்மப்படமாகத் தெரிகிறது.

வறண்ட வடமத்திய மாகாணக் கிராமம். குளம் வற்றிப் போயிருக்கிறது. கண் தெரியாத முதியவர் வன்னிஹாமி. மகன் பண்டார இராணுவத்தில். ஒருநாள் முத்திரையிட்ட சவப்பெட்டி வருகிறது. திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஊர் அழுகிறது, அடக்கம் செய்கிறது. தகப்பன் மட்டும் அழவில்லை. மகன் சாகவில்லை என்கிறார். முதியவரின் மனம் ஏற்க மறுக்கிறது என்று எல்லோரும் அவருக்காக இரங்குகிறார்கள். பிறகு நட்டஈட்டுப் படிவம் வருகிறது. அவர் கையொப்பம் வைத்தால் பணம் கிடைக்கும். மகன் கட்டத் தொடங்கிய வீடு அரைகுறையாக நிற்கிறது, கடன் இருக்கிறது, மகளுக்கும் மருமகனுக்கும் அந்தப் பணம் தேவை. கிராம சேவகர் வந்து வந்து வற்புறுத்துகிறார். வன்னிஹாமி கையொப்பம் வைக்கவில்லை. ஒருநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புதைகுழிக்குப் போய்த் தோண்டுகிறார். ஊரும் சேர்ந்துகொள்கிறது. பெட்டியைத் திறந்தால் உள்ளே வாழைத்தண்டும் கல்லும்.

மகன் உயிரோடு இருக்கிறான் என்று படம் சொல்லவில்லை. பெட்டிக்குள் அவன் இல்லை, அவ்வளவுதான். ஜோ அபேவிக்கிரம அந்தத் தகப்பனாக நடித்தார். நகைச்சுவை நடிகராகப் பேர் எடுத்த அவர் இந்தப் படத்தில் பேசிய சொற்கள் சொற்பம். நடந்த நடை அதிகம். 1999இல் சிங்கப்பூர் திரைப்பட விழா அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தது. சொந்த நாட்டில் படத்துக்குக் கிடைத்தது தடை. 2000ஆம் ஆண்டு நடுப்பகுதியில், ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்த சில மாதங்களில், அமைச்சர் மட்டத்தில் அதன் வெளியீடு நிறுத்தப்பட்டது. இயக்குநர் உயர் நீதிமன்றம் போனார். 2001இல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகே மக்கள் அதைப் பார்த்தார்கள். ஒரு கண் தெரியாத கிழவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதை அரசு ஏன் அஞ்சியது என்று கேட்டால், அந்தப் படத்தின் வலு விளங்கும்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைக்கும்போது எனக்குத் தெரிவது இது. கொரியத் தாயும் சிங்களத் தகப்பனும் ஒரே இடத்தில் இருந்துதான் புறப்படுகிறார்கள். அரசு ஒரு தாளை நீட்டுகிறது, கையொப்பம் கேட்கிறது, கோப்பை மூடப் பார்க்கிறது. இருவரும் அந்தத் தாளை நம்ப மறுக்கிறார்கள். அரசு விசாரிக்காததால் இருவரும் தாமே விசாரிக்கிறார்கள். பாசத்தின் அளவில் ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டுக் குறைக்க முடியாது. ஆனால் ஒருவர் உண்மையைத் தோண்டி எடுக்கிறார். மற்றவர் உண்மையைத் தீயில் போடுகிறார். பாசம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று பாசத்தை வைத்துச் சொல்ல முடியாது. வன்னிஹாமிக்கு உண்மை அவருடைய மகனின் பக்கம் இருந்தது. அது மறுபக்கம் இருந்திருந்தால் அவர் தோண்டியிருப்பாரா? அந்தச் சோதனை அவருக்கு வரவில்லை. போங் தன் தாய்க்கு அந்தச் சோதனையை வைத்தார். அதனால்தான் அவருடைய படத்தைக் கொடூரமானது என்று சொல்வதைவிட நேர்மையானது என்று சொல்வேன்.

இலங்கையில் இது சொல்லக் கூசும் விஷயம். தாய்மாரின் கண்ணீரை நாம் உண்மையின் முத்திரையாக ஏற்றுப் பழகியவர்கள். அதற்கு நியாயமும் இருக்கிறது. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தொடங்கியது, இராணுவம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளுக்காக. 1990இல் மாத்தறையில் தொடங்கிய தெற்கின் அன்னையர் முன்னணி, ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில் காணாமற்போன சிங்கள இளைஞர்களுக்காக. 1992இல் அந்தத் தாய்மார் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்து ஆட்சியாளரைச் சபித்தார்கள். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர்ந்த போராட்டத்தில் தமிழ்த் தாய்மார் இருந்தார்கள். அவர்கள் முன்னாலும் தாள்கள் நீட்டப்பட்டன. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. பலர் அதை வாங்க மறுத்ததை அடுத்து, 2016இல் காணவில்லை என்பதற்கே தனிச் சான்றிதழ் வந்தது. அதே ஆண்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது. 2022இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை முடிவு செய்தது. வன்னிஹாமியின் முன்னால் நீட்டப்பட்ட அதே படிவம். மறுத்தவர்கள் அவரைப்போலவே மறுத்தார்கள்.

ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. அவர்களில் ஒருவனின் தகப்பன் மருத்துவர். சுட்ட காயங்கள் பதிவாக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். மகன் புலி உறுப்பினன் என்று எழுதிக் கையொப்பமிட்டால் உடலைத் தருவோம் என்று தன்னிடம் சொன்னதாகவும், தான் மறுத்ததாகவும் அவர் பின்னர் கூறினார். பிணவறையில் அந்தக் காயங்களைப் படமெடுத்த 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் ஏறத்தாழ மூன்று வாரங்களில், ஜனவரி 24இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவர் நாட்டை விட்டு வெளியேறி ஜெனீவா வரை போய்ப் பேசினார். 2013இல் கைதான 13 விசேட அதிரடிப் படையினரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள்.

இறந்தவர்கள் ஐந்து பேர். உலகம் அறிந்த குரல் பெரும்பாலும் ஒரு தகப்பனுடையது. மற்றப் பெற்றோரின் துயரம் குறைந்ததல்ல. அவர்களுக்கு அச்சம் இருந்தது, மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள், ஆங்கிலமோ ஐக்கிய நாடுகள் சபைக்குப் போகும் வழியோ எல்லோருக்கும் எட்டுவதில்லை. ஜோங்-பாலிடம் கேட்கப்பட்ட கேள்வி இங்கே சற்று வடிவம் மாறி வருகிறது. உனக்குத் தகப்பன் இருக்கிறாரா? இருந்தால், அவர் மருத்துவரா, மீனவரா?

நான் இதை எழுதும் கற்பிட்டியில் இந்தக் கேள்வி தூரத்துச் செய்தி அல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. நடுவில் நீண்டு கிடக்கும் இந்த மண்ணில் முஸ்லிம்களும் கத்தோலிக்கர்களும், தமிழும் சிங்களமும் கலந்து வாழ்கிறோம். தலவில் அன்னம்மாள் தேவாலயத்தின் ஆடி-ஆவணித் திருவிழாவுக்கு நாடெங்கும் இருந்து சனம் வரும். அன்னம்மாள் மரியாளின் தாய். அங்கே வைக்கப்படும் நேர்த்திகளில் பெரும் பங்கு பிள்ளைகளுக்கானது: பிள்ளை வேண்டும், பிள்ளைக்கு நோய் தீர வேண்டும், கடலுக்குப் போன மகன் திரும்ப வேண்டும். தன் பிள்ளைக்காகக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. வேண்டுதலின் இயல்பே அதுதான்.

ஆனால் 1990 ஒக்டோபர் கடைசியில் இந்தக் கரைக்கு வேறொரு கணக்கு வந்து சேர்ந்தது. வடக்கில் இருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவில் இருந்து வந்தவர்கள் கடற்கரையில் காத்துக்கிடந்து, மீன்பிடிப் படகுகளில் நெருக்கியடித்து ஏறி, கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். கைக்குழந்தையோடு உம்மாமார், முதியவர்களைத் தோளில் சுமந்த வாப்பாமார். ஊரார் சோறாக்கிக் கொடுத்தார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் தங்குமிடங்களாயின. அடுத்தவர் பிள்ளையின் பசிக்கு இந்த ஊர் உலை வைத்தது. பின்னாளில் பாடசாலை இடத்துக்கும் தண்ணீருக்கும் தொழிலுக்கும் வாக்குக்குமாக மனத்தாங்கல்கள் வந்தன; கிடுகுக் கொட்டில்களில் பிள்ளைகள் வளர்ந்து அவர்களும் பெற்றோரானார்கள்; அகதி என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதையும் மறைக்கத் தேவையில்லை. ஆயினும் முதல் நாட்களில் நடந்தது நடந்ததுதான்.

அந்த வெளியேற்றத்தைத் திரையில் தொட்டவரும் பிரசன்ன விதானகேதான். 2003இல் வந்த 'இர மெதியம'வின் மூன்று கதைகளில் ஒன்று, ஊரோடு துரத்தப்படும் முஸ்லிம் சிறுவனுடையது. தன் நாயை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறான் அவன். பெரியவர்கள் எதை எடுத்துக்கொண்டு போவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் சில மணி நேரங்களை அந்தக் குழந்தையின் பிடிவாதத்தினூடாக நாம் பார்க்கிறோம். அந்த வெளியேற்றத்துக்காக இன்றுவரை எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. சட்டமும் சமூகமும் அறக்கட்டளை அமைத்த பிரசைகள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றுதான் அந்த மக்களின் வாக்குமூலங்களை ஒழுங்காகத் தொகுத்தது. யாழ்ப்பாணத்துத் தாயின் கண்ணீரும் மாத்தறைத் தாயின் கண்ணீரும் அரசியல் மேடைகளுக்கு வந்தன. கற்பிட்டியில் இறங்கிய உம்மாவின் கண்ணீருக்கு மேடை கிடைக்கவில்லை. ஒவ்வொரு சமூகமும் தன் தாய்க்காகக் கேட்டது. மற்றச் சமூகத்தின் தாயிடம், உனக்கு யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டு எழுந்து போனது. நானும் அந்தச் சமூகங்களுக்குள் இருக்கிறவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமையும் பொறுப்பும் எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

தாய்மாரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அரசு தன் வேலையைச் செய்திருந்தால் எந்தத் தாயும் துப்பறிய வேண்டியதில்லை. போங் தன் படத்தில் பொலிஸாரை அரக்கர்களாகக் காட்டவில்லை. அவர்கள் ஊர்ப் பையன்கள், அந்தத் தாயோடு மரியாதையாகப் பேசுகிறவர்கள், சோம்பல்காரர்கள். அந்தச் சோம்பல் ஒரு வயதான பெண்ணைக் கொலைகாரியாக்கியது. வடக்கில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரிலும் தகப்பன்மாரிலும் பலர் விடை தெரியாமலேயே இறந்துவிட்டார்கள். அவர்கள் தேடிய பிள்ளைகள் இப்போது ஜோங்-பாலின் வரிசையில் நிற்கிறார்கள், கேட்க ஆள் இல்லாதவர்களாக. பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை மட்டும் திறந்திருக்கும் கோப்பு ஒரு விசாரணைக் கோப்பாகாது. காணாமற்போனோர் அலுவலகம் முறைப்பாட்டாளர் இறந்த பிறகும் அந்தக் கோப்பைத் தானாக முன்னெடுக்க வேண்டும். யாரும் கேட்காத பெயர்களுக்கும் அதே உழைப்பு வேண்டும்.

படங்களைப் பொறுத்தவரை செய்யக்கூடியது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 'புரஹந்த களுவர', 'இர மெதியம' இரண்டையும் நல்ல தமிழ் உபதலைப்புகளோடு பார்க்க நம் பிள்ளைகளுக்கு வழி செய்ய வேண்டும். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் மாணவர்கள் கற்பிட்டியிலும் ஆலங்குடாவிலும் நுரைச்சோலையிலும் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் காட்டிவிட்டு 'மதர்' படத்தையும் காட்டலாம். பதினெட்டு வயதுக்காரர்களுக்கு அது தாங்கும். சிறைக் காட்சியில் நிறுத்தி, அந்தத் தாய் எழுந்து போகாமல் இருந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம்.